ஒரு ஏரி, மூன்று இரவு: அல்கொன்குயினுக்கு முதன்முறை கூடாரத்தோடு போகும் குடும்பத்துக்கு

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஸ்காபரோவில் இருந்து இரண்டு குடும்பங்கள், எட்டுப் பேர். அதில் மூன்று பிள்ளைகள், எழுபது வயது அம்மா. ஜூலை முதலாம் தேதி வரும் கனடா தினத்தை ஒட்டிய நீண்ட வார இறுதியில் நான்கு நாள் ஒன்ராறியோ மாகாணத்தின் அல்கொன்குயின் பூங்காவில் தங்கி, ஒவ்வோர் இரவும் ஒவ்வோர் ஏரிக்கரையில் கூடாரம் அடித்து, கனூ என்ற ஒடுங்கிய துடுப்புப் படகு வலித்து, மூஸ் என்ற பெரிய மானைப் பார்த்துத் திரும்ப வேண்டும். கரடி வந்தால் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அம்மா மட்டும் "காசு கொடுத்து எதற்குத் தறப்பாளுக்குக் கீழே படுக்க வேண்டும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இடத்தைச் சரியாகத்தான் தேர்ந்திருக்கிறீர்கள். ரொறன்ரோவில் இருந்து மூன்று மணித்தியால ஓட்டத்தில் இதைவிட நல்ல ஏரிக்காடு கிடையாது. 1893 இல் தொடங்கிய பூங்கா அது. 7,600 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரப்பு, இரண்டாயிரத்துக்கும் கூடுதலான ஏரிகள். அந்த எண்ணிக்கைதான் முதன்முறை போகிறவர்களை ஆசைகாட்டி அலைய வைக்கிறது. நீங்கள் ஒரு ஏரியைத் தேர்ந்து மூன்று இரவும் அங்கேயே இருங்கள்.

இடம் மாறினால் என்ன ஆகும் என்று கணக்குப் பாருங்கள். எட்டுப் பேரின் கூடாரத்தையும் படுக்கையையும் சமையல் சாமான்களையும் கட்டிக் காரில் ஏற்ற இரண்டு மணித்தியாலம் போகும். அடுத்த இடத்தில் இறக்கி அடிக்க இன்னும் இரண்டு. ஏரி தன் அழகைக் காட்டுவது விடியலிலும் அந்தியிலும்தான். காலை ஆறு மணிக்கு நீர்மேல் புகைபோலப் பனி எழும்பும்போது நீங்கள் கயிறு சுற்றிக்கொண்டிருப்பீர்கள். மாலையில் காற்று அடங்கி ஏரி கண்ணாடியாகும்போது முளை அடித்துக்கொண்டிருப்பீர்கள். பிள்ளைகளுக்கு நினைவில் நிற்கப்போவது காரின் பின் இருக்கை மட்டும்தான்.

தேதியையும் மாற்றச் சொல்கிறேன். மே நடுப்பகுதியில் இருந்து ஜூன் மூன்றாம் வாரம்வரை அங்கே கறுப்பு ஈக்களின் ஆட்சி. இலையான் அளவுகூட இல்லாத சின்னப் பூச்சி, காதுக்குப் பின்னால் தோலைக் கடித்து இரத்தம் வடியவைத்துவிடும். அது குறையும்போது நுளம்பு வரும். ஜூலை முதல் வாரம் நுளம்புக்கு நல்ல காலம், மனிதருக்கு அல்ல. தலையைச் சுற்றி வட்டமிட்டுக் கடிக்கும் மான் ஈயும் அப்போதுதான். நுளம்பு வலைக்குள் இருந்து அழும் பிள்ளையை வைத்துக்கொண்டு எந்த ஏரியையும் ரசிக்க முடியாது. கனடா தினக் கூட்டமும் சேர்ந்தால் நல்ல இடம் எதுவும் உங்களுக்குக் கிடைக்காது.

ஆகஸ்ட் மூன்றாம் அல்லது நான்காம் வாரம் போங்கள். பூச்சி பெரும்பாலும் போயிருக்கும், ஏரி நீர் வேண்டிய அளவு வெயிலை வாங்கியிருக்கும். அதிலும் செவ்வாய் போய் வெள்ளி திரும்புங்கள். வெள்ளி பிற்பகல் ஊர் முழுவதும் வடக்கே ஓடும்போது நீங்கள் எதிர்த்திசையில் தெற்கே வருவீர்கள். இன்னொரு காரணமும் உண்டு: ஆகஸ்ட் வியாழன் இரவுகளில், ஓநாய்க் கூட்டம் ஒன்று நெடுஞ்சாலைக்குக் கிட்ட இருப்பதைப் பூங்கா ஊழியர்கள் முதல்நாள் கண்டறிந்தால், மக்களை அழைத்துப்போய் ஓநாய் ஊளை கேட்க வைப்பார்கள். 1963 இல் தொடங்கிய வழக்கம். எல்லா வியாழனும் நடக்காது, ஓநாய்தான் தீர்மானிக்கும். ஆனால் வியாழன் இரவு அங்கே இருந்தால்தானே அந்த வாய்ப்பே. நூற்றுக்கணக்கான கார்கள் வீதியோரம் வரிசையாக விளக்கணைத்து நிற்க, ஊழியர் ஒருவர் இருட்டை நோக்கி ஊளையிடுவார். பிறகு ஓர் அமைதி. அந்த அமைதிக்குள் இருந்து பதில் வந்தால், உடம்பு முழுவதும் மயிர்க்கூச்செறியும். பிள்ளைகள் வாய்திறக்க மாட்டார்கள்.

இலையுதிர் நிறத்துக்குப் போகலாமா என்று சிலர் கேட்பார்கள். செப்டெம்பர் கடைசியில் மேப்பிள் மரங்கள் சிவப்பது உண்மையிலேயே கண்கொள்ளாக் காட்சி. ஆனால் இரவில் குளிர் உறைநிலையைத் தொடும், வீதியில் கார் நகராது. முதல் பயணத்துக்கு வேண்டாம்.

இனி எங்கே தங்குவது. பூங்காவின் தெற்குப் பகுதியை ஊடறுத்து நெடுஞ்சாலை 60 போகிறது; பூங்காவுக்குள் அதன் நீளம் ஐம்பத்தாறு கிலோமீற்றர். மேற்கு வாசலில் இருந்து எண்ணும் கிலோமீற்றர் பலகைதான் அங்கே முகவரி. காரோடு போய்த் தங்கக்கூடிய முகாம் இடங்கள் அந்த வீதியோரம் வரிசையாக இருக்கின்றன. டூ ரிவர்ஸ் மிகவும் பேர்பெற்றது; மணல் கரை, அருகில் கடை, ஆனால் சந்தைபோல இருக்கும். ரொக் லேக் எனக்கு மிகவும் பிடித்தது. நெடுஞ்சாலையில் இருந்து எட்டுக் கிலோமீற்றர் உள்ளே, வாகன இரைச்சல் இல்லை. கனிஸ்பே மரங்கள் அடர்ந்த அமைதியான இடம்.

உங்கள் கூட்டத்துக்கு நான் சொல்வது மியூ லேக். அழகில் முதலிடம் அதற்கு இல்லை, நெடுஞ்சாலைச் சத்தமும் கொஞ்சம் கேட்கும். ஆனாலும் அம்மாவுக்காகச் சொல்கிறேன். அங்கே யேர்ட் என்ற வட்டக் குடில்கள் சில உண்டு. கனத்த துணிக் கூரை, மரத்தளம், அடுக்குக் கட்டில், மின்சார ஹீட்டர், பூட்டக்கூடிய கதவு. ஆறு பேர் படுக்கலாம். கழிவறை உள்ளே இல்லை, கொஞ்சம் நடக்க வேண்டும்.

அம்மா சொன்னதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 'முகாம்', 'தறப்பாள்', 'கூடாரம்' என்ற சொற்கள் உங்கள் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை. அவருக்கு அவை வேறு. இடம்பெயர்ந்து மழைக்குள் படுத்த ஒருவரிடம் "இது சும்மா பொழுதுபோக்கு அம்மா" என்று சொல்லி அழைத்துப்போய், நடு இரவில் தறப்பாளில் மழை அடிக்கும் சத்தத்தை மறுபடி கேட்க வைப்பது சரியில்லை. கதவும் கட்டிலும் உள்ள ஓர் இடத்தைக் காட்டி, வரவா வேண்டாமா என்பதை அவரே சொல்லட்டும். என் உறவினர் ஒருவர் முதல் ஆண்டு வரமறுத்தார். அடுத்த ஆண்டு யேர்ட்டில் படுத்தார். மூன்றாம் ஆண்டு, காலையில் ஏரியைப் பார்த்தபடி தேநீர் குடிப்பதற்கென்றே வந்தார். கூடாரத்தில் மட்டும் இன்றுவரை படுத்ததில்லை. நாங்களும் கேட்பதில்லை.

ஓர் இடத்துக்கு ஆறு பேர்தான் அனுமதி. ஆகவே எட்டுப் பேருக்கு இரண்டு இடம் எடுக்க வேண்டும். ஒன்று யேர்ட், மற்றது அதற்குக் கிட்டக் கூடார இடம். யேர்ட் கிடைக்காமல் அம்மாவும் வருவதாக இருந்தால், மேற்கு வாசலுக்கு முன்னால் வரும் ஹன்ட்ஸ்வில் ஊரில் அல்லது வாசலுக்கு அருகே விடுதி அறை எடுத்து, பகலில் ஏரிக்கரைக்கு அழைத்து வாருங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

கரடியைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள், தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு எதிர்மாறான பயம். கோடைகாலத்தில் ஒன்ராறியோ ஏரியொன்றில் மூழ்கிய இளைஞரின் படத்தை நம் செய்திகளில் பார்க்காதவர் நம்மில் யார்? ஆதலால் இதை ஆறுதலாக வாசியுங்கள்.

அல்கொன்குயின் ஏரிகளின் நீர் பிளேன்டீ நிறம். அழுக்கு அல்ல, சதுப்பிலும் பைன் காட்டிலும் ஊறிவரும் சாயம் அது. அதனால் அடி தெரியாது. முழங்கால் அளவு நீரில் நிற்கும் பிள்ளை இரண்டு அடி எடுத்து வைத்ததும் காலடித் தரை திடீரென ஆழத்துக்கு இறங்கிவிடலாம். உயிர்காப்பாளர் எந்தக் கரையிலும் இல்லை. ஒன்ராறியோவின் மற்ற மாகாணப் பூங்காக்களின் ஏரிக்கரைகளும் அப்படித்தான். பருத்தித்துறையில் நீந்திப் பழகிய உங்கள் தலைமுறையினருக்கு ஒரு வார்த்தை: உப்பு நீர் உங்களைத் தூக்கிப் பிடிக்கும், ஏரி நீர் அந்த அளவுக்குத் தூக்காது. மேற்பரப்பில் கொஞ்ச ஆழம்வரை இளஞ்சூடாக இருக்கும். அதற்குக் கீழே காலை நீட்டினால் பனிக்கட்டிப் பெட்டிக்குள் விட்டதுபோல இருக்கும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மேல்நீரே அந்தக் குளிர்தான். அப்படிப்பட்ட நீரில் விழுந்தவர்களைக் கொல்வது பெரும்பாலும் நீந்தத் தெரியாமை அல்ல. விழுந்த முதல் நிமிடத்தில் மூச்சு தானாக இழுபடும். அந்த மூச்சோடு தண்ணீரும் உள்ளே போனால் முடிந்தது.

நான் கடைப்பிடிக்கும் விதிகள் இவை. பிள்ளை தண்ணீருக்குள் இருக்கும் நேரமெல்லாம் ஒரு பெரியவர், கைக்கெட்டும் தூரத்தில், கைபேசி இல்லாமல். யார் என்பதைப் பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். "எல்லோரும் பார்க்கிறோம்" என்றால் ஒருவரும் பார்க்கவில்லை என்று பொருள். காற்றடைத்த மிதவைகள், ஒற்றைக்கொம்புக் குதிரை, வாத்து, மெத்தை, இவற்றை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். கரையில் இருந்து ஏரிக்குள் வீசும் காற்றுக்கு அவை பாய்மரம். ஒருமுறை பக்கத்து இடத்தில் தங்கியிருந்த ஒரு சிறுமி அப்படியொரு மெத்தையில் படுத்தபடி, தூங்கும் முகத்தோடு, மெல்ல நடுஏரிக்குப் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவளுடைய தகப்பன் கரையில் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார். கனூவில் வந்த இருவர் அவளைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அந்த மெத்தையின் மஞ்சள் நிறம் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

கனூவுக்கு வருவோம். வாடகைக்கு எடுக்க இரண்டு நல்ல இடங்கள்: பதினான்காம் கிலோமீற்றரில் கனூ லேக், நாற்பத்தாறாம் கிலோமீற்றரில் திரும்பி உள்ளே போனால் ஒப்பியொங்கோ. ஒப்பியொங்கோ பூங்காவிலேயே பெரிய ஏரி, காற்று எழும்பினால் கடல்போல அலை அடிக்கும். அதற்குள் போகாதீர்கள். கரைக்குக் கிட்டவே கொஸ்ரெலோ என்ற ஓடை வந்து விழுகிறது. அதற்குள் திரும்பினால் இருபுறமும் புல், அல்லி, அமைதியான நீர். மூஸ் வந்து நீர்த்தாவரம் மேயக்கூடிய இடமும் அதுதான். காலை எட்டு மணிக்கு முன்னே இறங்கி, மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள். காற்று பிற்பகலில்தான் வளரும்.

சட்டப்படி ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி படகில் இருக்க வேண்டும். மிதக்கும் கயிறு, விசில், நீர் இறைக்கும் சாமான் ஆகியவையும். வாடகைக்காரர் எல்லாம் தருவார். 'படகில் இருந்தால் போதும்' என்கிறது சட்டம். நான் சொல்வது, உடம்பில் இருக்க வேண்டும், கொக்கி பூட்டியிருக்க வேண்டும், நீந்தத் தெரிந்த பெரியவர்களுக்கும். கனூ கவிழ்வது பெரும்பாலும் நடு ஏரியில் அல்ல. ஏறும்போதும் இறங்கும்போதும், யாராவது படம் எடுக்க எழுந்து நிற்கும்போதும். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து, உடம்பைத் தாழ்த்தி, நடுவில் காலை வையுங்கள். கவிழ்ந்துவிட்டால் கனூவை விடாதீர்கள். அது மிதக்கும், நீங்களும் அதோடு மிதக்கலாம். நீந்திக் கரைசேர முயன்றவர்கள்தான் திரும்பி வராமல் போனவர்கள்.

அந்தக் கனூ லேக்கில்தான் 1917 ஜூலையில் ஓவியர் டொம் தொம்சன் இறந்தார். ஏரிகளையும் பைன் மரங்களையும் வரைந்து இந்த நாட்டுக்குத் தன் வடக்கைக் காட்டியவர், கனூ வலிப்பதில் கைதேர்ந்தவர். எப்படி இறந்தார் என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. கரையில் அவருக்கு ஒரு நினைவுக்கல் உண்டு.

இனிக் கரடி. இருப்பது கருங்கரடி, வெட்கமான பிராணி. 1978 இல் மூன்று சிறுவர்களும் 1991 இல் ஒப்பியொங்கோவின் பேட்ஸ் தீவில் இருவரும் அந்தப் பூங்காவில் கரடியால் இறந்திருக்கிறார்கள். இதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கானோர் அங்கே படுத்து எழும்புகிறார்கள். கரடியின் வாலைக்கூடக் காணாமல் திரும்புகிறவர்களே அதிகம். கண்டால் ஓடாதீர்கள், முதுகு காட்டாதீர்கள். பிள்ளைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, உரத்துப் பேசியபடி, மெல்லப் பின்னால் நகருங்கள். அது போக வழிவிடுங்கள். அபூர்வமாகத் தாக்க வந்தால், செத்ததுபோலப் படுப்பது கருங்கரடிக்குச் சரிவராது. கையில் கிடைத்ததைக் கொண்டு எதிர்க்க வேண்டும்.

கரடி உங்கள் இடத்துக்கு வருமா இல்லையா என்பதை உங்கள் சமையல்தான் தீர்மானிக்கும். நம் சாப்பாட்டின் வாசம் காட்டுக்குள் வெகுதூரம் போகும். கருவாடும் நெத்தலியும் மீன்குழம்பும் இந்த மூன்று நாளும் வேண்டாம் என்பது என் கருத்து. எண்ணெய் படிந்த சட்டி, கழுவாத கரண்டி, பற்பசை, பிள்ளையின் இனிப்பு உறை, அம்மாவின் தைலம், வாசமுள்ள எல்லாம் இரவில் காருக்குள் போக வேண்டும். கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட்டும் கூடாது. பாத்திரம் கழுவிய நீரைப் புதருக்குள் ஊற்றாதீர்கள். கழிவறைப் பக்கம் கொண்டுபோய் ஊற்றுங்கள்.

கரடி வராவிட்டாலும், உணவு திருடும் சின்ன விலங்கான ரக்கூன் வரும், இதை எழுதித் தருகிறேன். எங்கள் இரண்டாம் பயணத்தில், கூலர் பெட்டியை மேசைக்குக் கீழே தள்ளி, மேலே விறகுக் கட்டையை வைத்துவிட்டுப் படுத்தோம். நள்ளிரவில் ஒரு தட்டுச் சத்தம். டோர்ச் அடித்துப் பார்த்தால், மூன்று ரக்கூன்கள். ஒன்று கட்டையைத் தள்ளிவிட்டிருந்தது, இன்னொன்று மனிதக் கைபோன்ற விரல்களால் கொக்கியை நெம்பிக்கொண்டிருந்தது. மூடி திறந்ததும் அடுத்தநாள் காலைக்கு வைத்திருந்த புட்டை எடுத்து, வெளிச்சத்தைப் பார்த்தபடியே, பிடி பிடியாகச் சாப்பிட்டன. விரட்டினால் இரண்டு அடி விலகும், மறுபடி வரும். அன்றிலிருந்து கூலர் காருக்குள்தான்.

சமையலைக் காஸ் அடுப்பில் செய்யுங்கள். விறகு நெருப்பு குளிர்காயவும் ரொட்டி சுடவும். அதில் எட்டுப் பேருக்குச் சோறு வடிக்க நினைத்தால் அரைநாள் புகைக்குள் போய்விடும். நாங்கள் செய்வது இது: கோழிக்கறியையும் பருப்பையும் வீட்டிலேயே சமைத்து, பைகளில் தட்டையாக ஊற்றி, கல்லாக உறையவைத்துவிடுவோம். அவையே கூலரில் பனிக்கட்டி. முதல்நாள் இரவு ஒன்று, இரண்டாம் நாள் ஒன்று. குத்தரிசி வேக நேரம் எடுக்கும், வெள்ளைப் பச்சையரிசி கொண்டுபோங்கள். காலைக்குப் பாணும் முட்டையும். கட்டைச் சம்பல் ஒரு போத்தல் இருந்தால் எந்தச் சாப்பாடும் இறங்கும். குடிநீருக்கு முகாம் இடத்திலேயே குழாய் இருக்கும். கடைசிச் சாமான் வாங்கவும் காருக்கு எரிபொருள் நிரப்பவும் ஹன்ட்ஸ்வில்லில் நிறுத்துங்கள். அதற்குப் பிறகு இரண்டையும் நம்ப வேண்டாம்.

விறகை வீட்டு முற்றத்தில் இருந்து கொண்டுபோகக் கூடாது. தெற்கு ஒன்ராறியோவில் ஆஷ் மரங்களைக் கொன்று தீர்த்த பச்சை வண்டு அப்படித்தான் காரில் ஏறி ஊர் ஊராகப் பயணம் செய்தது. பூங்காவில் விற்கும் கட்டை வாங்குங்கள். காட்டில் கிடக்கும் கொப்புகளையும் பொறுக்காதீர்கள். புறப்படும் முன் தீத்தடை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நெருப்பே கிடையாது, அதற்காகவும் காஸ் அடுப்பு வேண்டும். அணைக்கும்போது நீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பலைக் கையால் தொட்டுப் பாருங்கள். சூடு இருந்தால் இன்னொரு வாளி.

குளிரைப் பற்றி ஒருவரும் எச்சரிக்காமல் விடுவார்கள். ஸ்காபரோவில் குளிரூட்டி போட்டுப் படுக்கும் ஆகஸ்ட் இரவில், அங்கே பத்துப் பாகைக்குக் கீழே இறங்கும். அந்தக் குளிர் நிலத்தில் இருந்துதான் வரும். காற்றடைத்த மெத்தை மட்டும் போட்டால் உள்ளே இருக்கும் காற்றே குளிர்ந்து முதுகை உறிஞ்சும். மெத்தைக்கும் உடம்புக்கும் நடுவே ஸ்பொஞ்ச் பாயோ கம்பளமோ விரியுங்கள். படுக்கைப் பையில் எழுதியிருக்கும் பாகையை அப்படியே நம்பாதீர்கள், அதைவிட ஐந்தாறு பாகை கூட்டிக் கணக்கிடுங்கள். படுக்கப்போகும்போது அன்று உடுத்த உடுப்பைக் கழற்றி, காய்ந்த காலுறையும் தொப்பியும் போட்டுப் படுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நுளம்பு மருந்து வாங்கும்போது இகாரிடின் இருபது சதவீதம் உள்ளதைக் கேளுங்கள். டீட் உள்ளது வாங்கினால் பன்னிரண்டு வயதுக்குக் கீழே பத்துச் சதவீதத்துக்கு மேல் கூடாது.

கூடாரம் அடிக்குமுன் அண்ணாந்து பாருங்கள். மேலே காய்ந்த கொப்புத் தொங்கினால் அந்த இடம் வேண்டாம். நிலத்துக்கு விரிக்கும் பொலித்தீன் கூடாரத்தின் ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீண்டால் மழைநீரை அது பிடித்து உங்கள் முதுகுக்குக் கீழே கொண்டுவரும். இடி மின்னல் வந்தால் எல்லோரும் காருக்குள். போவதற்கு ஒரு கிழமை முன்னே வீட்டுப் பின்முற்றத்தில் ஒருமுறை அடித்துப் பாருங்கள். காணாமல்போன கம்பி அங்கேதான் தெரிய வேண்டும், இருட்டிய பிறகு மழையில் அல்ல.

மூஸ் பற்றிக் கேட்டீர்கள். அதைப் பார்க்க மிகச் சிறந்த காலம் மே கடைசியும் ஜூனும்தான். பனிக்காலத்தில் வீதிக்குப் போட்ட உப்பு ஓரக் கிடங்குகளில் கரைந்து நிற்க, அதைக் குடிக்க அவை நெடுஞ்சாலைக்கே வரும். ஆகஸ்டில் அதிர்ஷ்டம் வேண்டும். விடியலில் கொஸ்ரெலோ ஓடை ஒரு வாய்ப்பு. இரவில் கார் ஓட்டும்போது மட்டும் அதைப் பார்க்க ஆசைப்படாதீர்கள். கறுத்த உடம்பு, கண்கள் உங்கள் விளக்கின் வெளிச்சத்துக்கு மேலே. தெரியும்போது மிகவும் கிட்ட வந்திருப்பீர்கள். இருட்டிய பிறகு நெடுஞ்சாலை 60 இல் மெதுவாக ஓட்டுங்கள்.

அம்மாவுக்கு நாற்பத்திரண்டாம் கிலோமீற்றர் அருகே சதுப்பு நிலத்தின்மேல் பலகை போட்ட ஸ்புரூஸ் பொக் நடைபாதை உண்டு, ஒன்றரைக் கிலோமீற்றர், ஏற்றம் குறைவு. அதற்குப் பக்கத்திலேயே பூங்காவின் பார்வையாளர் நிலையம்; மழை பெய்தால் அரைநாளை அங்கே கழிக்கலாம். பின்பக்க மாடியில் இருந்து காடு தொடுவானம்வரை விரியும். பிள்ளைகளுக்கு லுக்அவுட் நடைபாதை; இரண்டு கிலோமீற்றர்தான், ஆனால் செங்குத்து, உச்சிப் பாறைக்கு வேலி இல்லை, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மியூ லேக்கில் இருந்து பழைய ரயில் பாதை இப்போது சைக்கிள் பாதை, ரொக் லேக்வரை போகிறது. வெட்டிய மரத்தை ஏற்றிப்போன ரயில் ஓடிய தடம், ஆகவே மேடு பள்ளம் அதிகம் இல்லை. டூ ரிவர்ஸ் கடையில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். இதில் இரண்டைச் செய்தால் போதும். மீதி நேரம் கரையில் சும்மா இருங்கள்.

முதல் இரவு ஒரு சத்தம் கேட்கும், அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். யாரோ ஒரு பெண் ஏரிக்கு அப்பால் இருந்து நீட்டி அழுவதுபோல எழும்பும், பிறகு சிரிப்பதுபோல உடையும். லூன் பறவை அது. நம் ஒரு டொலர் குற்றியில் நீந்திக்கொண்டிருக்கிறதே, அதே பறவை. மாலையில் ஒரு குற்றியைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து, இதுதான் இன்றிரவு கூப்பிடப்போகிறது என்று சொல்லிவிடுங்கள். பயம் போய், தூங்காமல் காத்திருப்பார்கள்.

தகரப் பெட்டி, போத்தல் தடை என்று எங்கோ வாசித்ததாக எழுதியிருந்தீர்கள். அது கனூவில் உள்காட்டுக்குப் போகிறவர்களுக்கு. காரோடு தங்கும் இடங்களுக்கு அல்ல. உள்காடு, தோளில் கனூவைச் சுமந்து ஏரியில் இருந்து ஏரிக்கு நடப்பது, உணவை மரத்தில் கட்டித் தூக்குவது, எல்லாம் பிறகு. அடுத்த ஆண்டு, கனிஸ்பே ஏரியில் கனூவால் மட்டும் போகக்கூடிய கரை இடங்களில் ஒன்றை எடுத்து ஓர் இரவு பழகிப் பாருங்கள்.

இப்போது செய்ய வேண்டியது முன்பதிவு. வந்துசேரும் நாளுக்குச் சரியாக ஐந்து மாதம் முன்னே, காலை ஏழு மணிக்கு, மாகாணப் பூங்காக்களை நடத்தும் ஒன்ராறியோ பார்க்ஸின் இணையத்தளத்தில் திறக்கும். ஆகஸ்ட் 18 என்றால் மார்ச் 18. கணக்கு, கடன் அட்டை, விருப்பமான இட எண்கள் ஐந்தாறு, எல்லாம் முதல்நாள் இரவே தயாராக இருக்க வேண்டும். ஆறு ஐம்பதுக்கு இரண்டு குடும்பமும் இரண்டு கணினியில் உட்காருங்கள். ஒருவர் யேர்ட்டுக்கு, மற்றவர் கூடார இடத்துக்கு. யேர்ட் கிடைத்தவர் உடனே மற்றவருக்குத் தொலைபேசியில் இட எண்ணைச் சொல்ல வேண்டும், அப்போதுதான் கிட்டக் கிட்ட அமையும். கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம், பலர் கடைசி இரண்டு கிழமையில் விட்டுக்கொடுப்பார்கள்; தினமும் காலையில் ஒருமுறை பாருங்கள். இட எண்களைத் தெரிவு செய்ததும் எனக்கு எழுதுங்கள், எது தண்ணீருக்குக் கிட்ட, எது கழிவறைக்குக் கிட்ட என்று பார்த்துச் சொல்கிறேன்.